வரேன் என்றவருக்குப் பதில்

படகுத்துறை
ஜனவரி 8

அக்கா,

நலமா என்று கேட்டால் "நலமில்லாம என்ன" என்பாய். அதனால் கேட்கவில்லை. வரும் பதினெட்டாம் தேதி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கயிரு அவிழ்க்கிறேன், அப்பா தனியாகப் போன அதே வழியில், மேற்கே. மூன்று வருடமாக இந்தப் படகிலேயே குடியிருக்கிறேன், நீ ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. வழியனுப்பவாவது வா. பஸ்ஸில் நாலு மணி நேரம், ஜன்னல் ஓரம் கிடைத்தால் மூன்றரை.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கம் ஒரு படுக்கை, வலப்பக்கம் ஒரு படுக்கை, நடுவில் ஒருவர் ஒருக்களித்து நடக்கிற வழி. இடது எனக்கு. வலதில் அரிசி, பருப்பு, பிஸ்கட், உதிரிச் சாமான். அடுப்பு கீலில் தொங்குகிறது. படகு எப்படிச் சாய்ந்தாலும் கெட்டில் நிமிர்ந்தே நிற்கும். பிரிட்ஜ் மெக்கானிக் குடியிருக்கும் படகில் பிரிட்ஜ் இல்லை, சிரித்துக்கொள்.

அப்பா இல்லாமல் இந்தப் படகு மட்டும் திரும்பி வந்தபோது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினேழு. அதன் பிறகு அம்மா இருந்தவரை பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தது. மரம் எதுவும் கெடவில்லை. பின்பக்கம், சுக்கானுக்குப் பக்கத்தில் மட்டும் பெயிண்ட் கண்டபடி பிறாண்டியிருந்தது. மெல்லிய கோடுகள், எல்லாம் மேலிருந்து கீழே. பட்டறையில் பூனைகள் அதிகம். தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்துவிட்டேன்.

முக்கியமான விஷயம். வலது படுக்கையின் பலகைக்கு அடியில் அப்பாவின் நாட்குறிப்பு சிக்கியிருந்தது. கடைசி இரண்டு தாள்கள் உப்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரிக்கப் பயமாக இருக்கிறது. அதற்கு முந்தைய பக்கத்தில் இரண்டே வரிகள். "ஞாயிறு காலை: திசை திருப்பினேன். வீடு." அதன் கீழே, "ஞாயிறு, பேசிய பின்: மறுபடி மேற்கே."

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவரோடு ரேடியோவில் பேசியது நீ. அம்மாதான் கோபத்தில் அந்தப் பக்கமே வரமாட்டாளே. அன்றைக்கு அவர் என்ன சொன்னார்? வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மனிதர் ஏன் மறுபடி போனார்?

அந்தப் பழைய ரேடியோ இன்னும் உன் அறையில்தான் இருக்கிறது என்று தெரியும். ஞாயிறு ஆறு மணிக்கு அதைப் போட்டு வை. நான் பேசுகிறேன். நான் நிற்கப்போகும் துறைமுகங்களின் முகவரிகள் பின்பக்கத்தில்.

தம்பி


ஜனவரி 13

தம்பி,

உன் கடிதத்தில் ஆறு பிழைகள். கயிறு என்பதில் வருவது வல்லின ற. மூன்று வருடமாக அதைப் பிடித்து இழுக்கிறாய், எழுதத் தெரியவில்லை. அதை நம்பிக் கடலுக்கும் போகிறாய்.

நான் வரமாட்டேன். அச்சகத்தில் அகராதி நடக்கிறது, மெய்ப்பு பார்க்க நான் ஒருத்திதான். இப்போது 'ப' வரிசை. லீவு கேட்டால் முதலாளி தருவார், ஆனால் நான் கேட்கப்போவதில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன்: அந்தப் படகை நான் பார்க்க விரும்பவில்லை. காற்றுப்பாய்களைச் சுருட்டி, அழகாகக் கட்டி, அடுப்பில் கெட்டிலை வைத்தபடி நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்து கிடந்த சாமான் அது. நீ அதில் படுத்துத் தூங்குகிறாய்.

ரேடியோவையும் போடமாட்டேன். அதன்மேல் அம்மா ஒரு துணி போட்டு மூடினாள். நான் வாரம் ஒரு முறை அந்தத் துணியைத் துவைத்து மறுபடி போடுகிறேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும்.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். "வரேன்" என்றார். வைத்துவிட்டார். வேறொன்றும் இல்லை.

இதோடு அனுப்புகிற மாத்திரை டப்பாவை மேல் அடுக்கில் வை. தண்ணீர் படக்கூடாது.

அக்கா


முதல் துறைமுகம்
பிப்ரவரி 14

அக்கா,

நீ வரவில்லை. ஒன்பது மணிக்கு அவிழ்க்க வேண்டிய கயிறை (ற போட்டிருக்கிறேன், பார்) பத்தேகால் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போனது. பக்கத்துப் படகுக்காரர், "யாருக்குக் காத்திருக்கீங்க?" என்றார். "யாருக்கும் இல்ல" என்றேன். வரமாட்டேன் என்ற உன் கடிதம் இங்கே எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது, இப்போதுதான் படித்தேன். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அப்பா செய்ததைப் போல நானும் ஒரு கடிகாரத்தை வீட்டு மணியிலேயே வைத்திருக்கிறேன். முதல் ஞாயிறு, வீட்டு மணி ஆறு. பொத்தானை அழுத்தி, "அக்கா, கேக்குதா?" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். அழுத்தினால்தான் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம், உனக்குத் தெரியாததா. விட்டேன். இரைச்சல். பிறகு யாரோ பொத்தானை அழுத்துகிற 'டக்'. ஓர் ஆண் குரல்.

"வரேன்."

அவ்வளவுதான். நம்மாள் யாரோ கப்பலில் வேலை பார்க்கிறவன், வீட்டில் பேசி முடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் அதே ஆறு மணி, அதே 'டக்', அதே சொல். நான்கு ஞாயிறும் அப்படித்தான். மேற்கே போகப் போகத் தெளிவாகக் கேட்கிறது.

இன்னொன்று. கிளம்புகிற அன்று, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, பின்பக்கம் தண்ணீர் தொட்ட இடத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். நாலு வாரம் தின்று குடித்தாயிற்று. படகு இலேசாகி அந்தக் கோடு மேலே வந்திருக்க வேண்டும். இங்கே வந்து பார்த்தால் கோடு தண்ணீருக்கு இரண்டு விரல் கீழே இருக்கிறது. எங்காவது ஒழுகி உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று அடிப்பலகை எல்லாம் கழற்றிப் பார்த்தேன். காய்ந்து கிடக்கிறது. பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் அவ்வளவு இறங்கும். நான் கரையில் நின்றுகொண்டுதான் பார்த்தேன்.

தம்பி


பிப்ரவரி 25

தம்பி,

கயிறை அல்ல, கயிற்றை.

உப்புத் தண்ணீரின் கனம் இடத்துக்கு இடம் மாறும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் மெய்ப்பு பார்த்த புத்தகம். ரேடியோவில் வருவது எவனோ ஒரு கப்பல்காரன். நீயே முதலில் அப்படித்தானே நினைத்தாய், அதிலேயே நின்றுகொள். தனியாக இருப்பவனுக்குக் காது தானாகவே வேலை காட்டும். பேச்சுத் துணைக்கு ஒரு கிளியாவது வாங்கியிருக்கலாம்.

நான் பஸ் நிலையம் வரை வந்தேன் என்று உனக்குத் தெரியாது. டிக்கெட்டும் எடுத்தேன். ஏறவில்லை. இதை எழுதுவதால் உன் கோபம் போகும் என்று இல்லை. எழுதினேன்.

திரும்பி வந்துவிடு. அங்கேயே படகைக் கட்டிப்போட்டுவிட்டு விமானத்தில் வா. நான் எதுவும் சொல்லமாட்டேன். ஒரு குத்தல் பேச்சுகூடப் பேசமாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

வராவிட்டால், இரண்டு விஷயம். அந்தக் குரலுக்கு நீ பதில் ஏதும் சொல்லாதே. இன்னொன்று, "வரேன்" என்ற பிறகு அந்தக் குரல் கொஞ்ச நேரம் காத்திருக்கிறதா? பொத்தானை விட்ட சத்தம் உடனே கேட்கிறதா, தாமதமாகக் கேட்கிறதா? கவனித்து எழுது.

அக்கா


இரண்டாவது துறைமுகம்
மார்ச் 24

அக்கா,

காத்திருக்கிறது. பொத்தானை விடுகிற சத்தம் உடனே வருகிறது, ஆனால் அதற்குப் பிறகு இரைச்சல் இல்லை. எதிரில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிற மாதிரி ஓர் அமைதி. ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம்தான் இரைச்சல் திரும்புகிறது. இதை நான் உனக்கு எழுதவே இல்லையே, நீ எப்படிக் கேட்டாய்?

இன்னொன்றும் எழுதவில்லை. அது என் குரல், அக்கா. என் குரலை நானே வேறு எங்கிருந்தோ கேட்கிற மாதிரி இருக்கிறது. அம்மா எப்போதும் சொல்வாளே, "இவன் பேசினா அவரு பேசுற மாதிரியே இருக்கு, வாய மூடுடா"ன்னு.

இங்கே துறைமுக அலுவலகத்தில் ஒரு படிவம். 'படகில் எத்தனை பேர்' என்ற கட்டத்தில் அதிகாரி நான் சொல்வதற்கு முன்பே 2 என்று எழுதினார். நான் ஒருவன்தான் என்றேன். ஜன்னலைக் காட்டி, "நீங்க கயிறு வீசுறப்போ பின்னால ஒருத்தர் சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே" என்றார். சுக்கானைத் தானாகப் பிடிக்கும் கருவி ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்திருப்பீர்கள் என்று விளக்கினேன். அவர் வாதாடவில்லை. 2-ஐ அடித்து 1 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிழை திருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் கனம் பற்றி நீ எழுதியதும் சரியாக இருக்கலாம். ஆனால் எனக்குப் பயமில்லை, இதுதான் எனக்கே ஆச்சரியம். முதல் வாரங்களில் இருந்தது. இப்போது வலது படுக்கையிலிருந்த அரிசி மூட்டைகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

நாளை மறுநாள் கிளம்புகிறேன். இனி இரண்டு மாதம் கரையே கிடையாது. அந்த வழியில்தான் படகு ஆளில்லாமல் கண்டெடுக்கப்பட்ட இடமும் வருகிறது. அங்கே வைத்துப் பதில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு மனிதர் வாரம் தவறாமல் "வரேன்" என்கிறார். "போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாரோ என்னவோ. நம் வீட்டில் யார் அப்படிப் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறோம்?

தம்பி


ஏப்ரல் 1

தம்பி, சொல்லாதே. அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே.

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ கிளம்பியிருப்பாய். கிளம்பாமல் இருக்க வேண்டும்.

அன்று ஞாயிறு. மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. ஆறு மணிக்கு ரேடியோவில் அப்பா வந்தார். சாப்பிட்டாயா என்றார், தம்பி என்ன செய்கிறான் என்றார். "அம்மா பக்கத்துல இருக்காளா?" என்றார். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள், தலையை ஆட்டி இல்லை என்று சொல்லச் சொன்னாள். நான் இல்லை என்றேன். எனக்கும் கோபம்தான். வீட்டை விட்டுவிட்டுக் கடல் பார்க்கப் போன மனிதருக்கு வாராவாரம் நான் ஏன் குசலம் விசாரிக்க வேண்டும்?

அப்புறம், "வரேன்" என்றார்.

பேச்சை முடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம், போகிறவர் வாயில் போகிறேன் என்ற சொல்லே வராதே. நான் பட்டென்று, "சரிப்பா, போயிட்டு வாங்க" என்றேன்.

மறுமுனையில் நீ எழுதியிருக்கிறாயே, அதே அமைதி. இரைச்சல்கூட இல்லை. ஒரு நிமிடம். பிறகு, "சரிம்மா" என்றார். டக்.

அவர் விடைபெறவில்லை, தம்பி. வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வரட்டுமா என்று கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார். நீ கண்டெடுத்த நாட்குறிப்பில் இருக்கிறதே, காலையிலேயே திசை திருப்பிவிட்டார். நான் போகச் சொன்னேன். போனார்.

புரியாமல் சொன்னேனா, புரிந்துகொண்டே சொன்னேனா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அந்த அமைதியில் எனக்கு ஏதோ உறைத்தது. பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அழுத்தி, "இல்லப்பா, வாங்க" என்று சொல்லியிருக்கலாம். பரீட்சைக்குப் படிக்கப் போனேன். எண்பத்தேழு மதிப்பெண்.

அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டாள், ஆனால் எனக்கு உறைத்ததை அவளிடம்கூட நான் சொல்லவில்லை. இந்த வீட்டில் கல்யாணம் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்று நான் உட்கார்ந்திருப்பதற்கு ஊரில் ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். இதுதான் காரணம்.

நீ ஒன்றும் சொல்லாதே. போ என்றும் சொல்லாதே, வா என்றும் சொல்லாதே. அது எனக்கு வந்த கேள்வி.

அக்கா


மே 11

தம்பி,

ஏப்ரலில் எழுதிய கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்துவிட்டது. உறையில் 'புறப்பட்டுவிட்டார்' என்று முத்திரை. அதையும் இதோடு வைத்து, நீ போய்ச் சேர வேண்டிய துறைமுகத்துக்கு அனுப்புகிறேன். முதலில் அதைப் படி. பிறகு இதைப் படி. கரை சேர்ந்துவிட்டாய் என்று எண்ணிக்கொண்டுதான் எழுதுகிறேன், வேறு எப்படியும் எண்ண முடியவில்லை.

கடிதம் திரும்பி வந்த அன்றே துணியை எடுத்தேன். மாடியில் அப்பா கட்டிய கம்பி துருப்பிடித்துப் போயிருந்தது, எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு மாற்றினேன். "எதுக்கு மேடம் இது, இதுல பாட்டுகூட வராதே" என்றான். மூன்று ஞாயிறு உட்கார்ந்தேன். இரைச்சல்தான். நான் கூப்பிட்டாலும் பதில் இல்லை. நீ எங்கே இருக்கிறாய், இருக்கிறாயா என்றே தெரியாமல் திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போய் உட்காருவேன். அகராதி 'வ'வுக்கு வந்துவிட்டது. 'வா' என்ற சொல்லுக்கு மட்டும் ஒன்றேகால் பத்தி. நான் அதில் இரண்டு பிழைகளை விட்டுவிட்டேன் என்று முதலாளி சொன்னார். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

நேற்று நான்காவது ஞாயிறு. ஆறு மணி. டக்.

"வரேன்."

உன் குரல். அப்பாவின் குரலும் அதுதான். நான் என்ன செய்வேன்? பின்னால் அந்த அமைதி தொடங்கிவிட்டது. ஒரு நிமிடம்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பொத்தானை அழுத்தினேன். "வாங்க" என்றால் அப்பா. "வா" என்றால் நீ. இருபத்திரண்டு வருடமாக என் தொண்டையில் நிற்கிற சொல் "வாங்க"தான். குளிக்கும்போது, சமைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன். அதைச் சொல்லிவிட்டால் யார் வருவார், யார் வராமல் போவார் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. ஒருத்தர்தான் வர முடியும் என்று ஏனோ தோன்றிவிட்டது.

"வாடா" என்றேன். அப்பாவுக்கு எந்த வகையிலும் பொருந்தாத சொல்லாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே 'டா' சேர்த்தேன். "வாடா. உள்ள வா."

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த உன்னை இருட்டுவதற்கு முன்னால் கூப்பிடுவேனே, அதே மாதிரிக் கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு என்ன கேட்டது என்பதை நீ பதில் எழுதிய பிறகு சொல்கிறேன். நீ பதில் எழுத வேண்டும்.

அக்கா


மூன்றாவது துறைமுகம்
மே 30

அக்கா,

நேற்றுக் கரை சேர்ந்தேன். நலம். இரண்டு கடிதங்களையும் தபால் அலுவலகத்தின் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். எழுந்திருக்க நேரமாயிற்று.

நான் "வரேன்" என்று சொல்லவில்லை. என்னால் சொல்லியிருக்கவும் முடியாது. மே முதல் தேதி ஒரு பெரிய அலை கூரை வழியாக உள்ளே இறங்கி பேட்டரியை நனைத்துவிட்டது. ரேடியோவின் ஒயரைக் கழற்றி, பெட்டியைத் துணியில் சுற்றி, மேல் அடுக்கில் உன் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பத்தாம் தேதி அது செத்து ஒன்பது நாள்.

அந்த ஞாயிறு படகு கிடைத்த இடத்துக்கு வந்திருந்தேன். வீட்டு மணி ஆறாகப் போகிறது, அங்கே உச்சி வெயில். காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கடல் தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பாயை இறக்கினேன், சுருட்டினேன், ஒழுங்காகக் கட்டினேன். நான் எப்போதும் அவ்வளவு அழகாகக் கட்டுகிறவன் இல்லை. டீ போடலாம் என்று கெட்டிலை அடுப்பில் வைத்தேன். கொதிப்பதற்குள் தண்ணீரில் இறங்கி அந்தச் சிவப்புக் கோட்டைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு முங்கு போட்டால் உடம்புக்கும் இதமாக இருக்கும். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு காலைக் கம்பிக்கு வெளியே போட்டேன்.

"வாடா. உள்ள வா."

உன் குரல், படகின் உள்ளேயிருந்து. இந்தச் சத்தத்துக்கு நான் மூன்று வயதிலிருந்து பழக்கப்பட்டவன், கால் தானாகத் திரும்பிவிட்டது. உள்ளே போனேன். யாருமில்லை. ரேடியோ துணிக்குள் சுற்றினபடியே இருந்தது. கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

மறுபடி மேலே வந்தபோதுதான் பார்த்தேன். தண்ணீரிலிருந்து ஏறி வருவதற்கான ஏணியை நான் கீழே இறக்கவில்லை. மடக்கின மாதிரியே இருக்கிறது. படகின் சுவர் தண்ணீரிலிருந்து என் இரண்டு கை உயரம், புதுப் பெயிண்ட், பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லை. குதித்திருந்தால் ஏறியிருக்க முடியாது. எவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி நீந்தினாலும் முடியாது.

அக்கா, பட்டறையில் நான் தேய்த்து எடுத்தேனே, பின்பக்கத்துப் பிறாண்டல். அது பூனை இல்லை.

அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கெட்டிலின் ஆவியில் நாட்குறிப்பின் ஒட்டிய தாளைப் பிடித்தேன். இனி எதற்குப் பயப்பட வேண்டும் என்று இருந்தது. மெதுவாகப் பிரிந்தது. அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன். நீ பிழை திருத்த வேண்டாம்.

"திங்கள். ராத்திரி பூரா யோசித்தேன். பெரியவள் கோபத்தில் சொன்னாள். அவள் கோபம் நியாயம்தான். போகச் சொன்னாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மறுபடி திருப்பிவிட்டேன். காற்று நின்றுவிட்டது, நல்ல வெயில். டீ வைத்திருக்கிறேன். ஒரு முங்கு போட்டுவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்."

மீதி இல்லை.

நீ சொன்னதால் அவர் போகவில்லை, அக்கா. நீ சொன்ன பிறகும் அவர் வரத்தான் பார்த்திருக்கிறார். ஏணியை மறந்துவிட்டார். ஒரு மெக்கானிக்காகச் சொல்கிறேன், நானும் மறந்தேன்.

பேட்டரி மாற்றிவிட்டு வீட்டுக்குத் திருப்புகிறேன். மேற்கே போதும். கோடு இன்னும் இரண்டு விரல் கீழேதான் இருக்கிறது.

தம்பி


ஜூன் 9

தம்பி,

உன் கடிதத்தில் பிழை இருந்ததா என்று தெரியவில்லை. எழுத்தே தெரியவில்லை. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை, முதலாளி வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. "ராத்திரி பூரா யோசித்தேன்" என்று எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அழுதேன்.

சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன்.

"வாடா, உள்ள வா" என்று கத்திவிட்டுப் பொத்தானை விட்டேன். அமைதி. நீயாக இருந்தால் என்ன பேசியிருப்பாய்? "ஏன்கா கத்துற" என்றிருப்பாய். பிறந்ததிலிருந்து நீ என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாய், வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அந்தக் குரல், "சரிம்மா" என்றது. டக்.

அதே 'ம்மா' இழுவை. அன்றைக்கு மாதிரியே. ஆனால் அன்று அது உடைந்துபோன குரல். இன்று அப்படி இல்லை. கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கி வரச் சொன்னால் சரி என்று கிளம்புகிற மாதிரி இருந்தது. நான் கூப்பிட்டதை உன்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

நான் இரண்டாவது தடவையும் அவரைக் கூப்பிடவில்லை. முதல் தடவை தெரியாமல், இந்தத் தடவை தெரிந்தே. மறுபடி அப்படி ஒரு நிமிடம் வந்தாலும் "வாடா" என்றுதான் சொல்வேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வெறும் இரைச்சல்தான். துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஏணியை இறக்காமல் தண்ணீரில் காலை வைக்காதே. கரை சேர்ந்ததும் எழுது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனி என்னிடம் "வரேன்" என்று சொல்லாதே, எழுதாதே. வந்த பிறகு "வந்துட்டேன்" என்று சொல். அது போதும்.

அக்கா


படகுத்துறை
அக்டோபர் 11, காலை

அக்கா,

ஏழு மணிக்குத் துறையில் கட்டினேன். குளித்துச் சவரம் செய்துகொண்டு மதிய பஸ்ஸில் ஏறுகிறேன். இதை நம் ஊருக்கு முதலில் கிளம்புகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு முன்னால் இது உன்னிடம் வந்துவிட வேண்டும்.

கயிற்றைக் கட்டிவிட்டுத் துறையில் காலை வைத்து இறங்கினேன். ஆள் இறங்கினால் படகு இலேசாக மேலே எழும்பும், உனக்குத் தெரியாது, படகில் இருந்தவர்களுக்குத் தெரியும். எழும்பியது. நான் நின்று சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில்லை, அலையில்லை, பக்கத்துப் படகுகள் எதுவும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் படகு இன்னொரு முறை எழும்பியது. கோடு தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது.

'வந்துட்டேன்' என்று நீ கேட்டபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். கை 'வந்துட்டோம்' என்று எழுதிவிட்டது. அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போடலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை. இருக்கட்டும்.

வந்துட்டோம், அக்கா. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் வீட்டில் இருப்போம். கதவைத் திறக்கும்போது "வாடா" என்று சொல்லாதே. "வாங்க" என்று சொல்.

தம்பி